சிறுகதை எழுத்தாளர் இலக்கிய விழாவுக்குத் தயாராவது எப்படி: அழைப்பு வந்த நாள் முதல் மேசைக்குத் திரும்பும் நாள் வரை

இலக்கிய விழாவில் முதன்முறையாக மேடையேறும் சிறுகதை எழுத்தாளர்கள் பலரை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்வதால்தான் அவர்களில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பயணச்சீட்டு எடுத்த பிறகு நிபந்தனைகளைக் கேட்கிறார்கள். மேடையேற வேண்டிய நாளின் காலையில் கதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நேர்காணல் வெளிவந்த பிறகு எதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று யோசிக்கிறார்கள். என் முதல் இரண்டு விழாக்களில் நானும் இப்படித்தான் செய்தேன். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டியதைத் தயார் செய்து தருவதால், இயன்றவரை இதே வரிசையில் பின்பற்றுங்கள்.

தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

உங்களைப் பற்றிய அறிமுகக் குறிப்பை 50 சொற்களில் ஒன்றும் 100 சொற்களில் ஒன்றுமாக, படர்க்கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் நெறியாளர் இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்பை வாசிப்பார். தவறான ஆண்டையும் விட்டுப்போன நூலையும் மேடையிலேயே திருத்த வேண்டிய சங்கடம் உங்களுக்கு வரும்.

இதுவரை வெளியான கதைகளின் பட்டியல் ஒன்றும் தேவை. கதையின் பெயர், வெளிவந்த இதழ், மாதம், ஆண்டு, பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது ஆகிய விவரங்கள் அதில் இருக்கட்டும். நூலாக வந்த கதைகளுக்குப் பதிப்பாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் எடுத்து வையுங்கள். மூன்றாம் படிக்கு அது கட்டாயம் வேண்டும்.

1. அழைப்பை ஏற்கும் முன் நாட்களை எண்ணுங்கள்

இரண்டு நாள் விழா என்பது எழுத்தாளருக்கு இரண்டு நாள் வேலை அல்ல. பிரதியைத் தயார் செய்ய மூன்று நாள், போய் வர இரண்டு நாள், திரும்பிய பின் மனம் கதைக்குள் மீண்டும் இறங்க இரண்டு மூன்று நாள் என்று கூட்டினால், ஒன்பது பத்து நாட்கள் போய்விடுகின்றன. ஒரு சிறுகதையின் முதல் வரைவுக்கு ஆகும் காலமே பலருக்கு அவ்வளவுதான்.

ஆகவே நாட்காட்டியைப் பார்க்கும்போது விழா நாட்கள் காலியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பத்து நாட்களில் எந்தக் கதை நடுவில் நிற்கும் என்றும் பாருங்கள். முதல் வரைவின் நடுவில் இருக்கும் கதையை விட்டுவிட்டுப் போனால் அதன் குரல் திரும்பக் கிடைப்பது கடினம். வரைவு முடிந்து, திருத்தத்துக்காகக் காத்திருக்கும் கதைக்கோ இடைவெளி நன்மையே செய்யும். என் வழக்கம், வரைவு முடியும் என்று கணக்கிட்ட வாரத்துக்குப் பிறகு வரும் அழைப்புகளை மட்டும் ஏற்பது. மற்றவற்றைப் பணிவாக, தாமதிக்காமல் மறுத்துவிடுகிறேன். விரைவாக வரும் மறுப்பை அமைப்பாளர்கள் மதிக்கிறார்கள். கடைசி வாரத்தில் வரும் மறுப்பைத்தான் அவர்கள் மறப்பதில்லை.

2. நிபந்தனைகளை எழுத்தில் பெறுங்கள்

ஏற்றுக்கொள்ளும் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டியவை இவை: பயணச் செலவும் தங்குமிடமும் யாருடையது, மதிப்பூதியம் உண்டா, எப்போது தரப்படும், அமர்வின் மொத்த நேரம் எவ்வளவு, உடன் பேசுபவர்கள் யார், நெறியாளர் யார், நிகழ்ச்சி பதிவு செய்யப்படுமா, பதிவு எங்கே, எவ்வளவு காலம் வெளியில் இருக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்பது நாகரிகம் அல்ல என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். அமைப்பாளருக்கு அது அன்றாடக் கேள்வி. தொடக்கத்தில் கேட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும். விழா முடிந்த பிறகு கேட்டால்தான் இரு தரப்பும் சங்கடப்பட நேர்கிறது. ஒரு விழாவில் பயணச் செலவு தரப்படும் என்று தொலைபேசியில் சொன்னவர் நடுவில் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். அவருக்குப் பின் வந்தவரிடம் காட்ட என்னிடம் ஒரு வரி எழுத்துகூட இருக்கவில்லை.

3. எந்தக் கதை என்பதை உரிமையோடு சேர்த்து முடிவு செய்யுங்கள்

ஏற்கெனவே வெளியான கதையை வாசிப்பதா, வெளியாகாததையா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. பதிப்புரிமை பற்றிய 1886ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், ஓர் இலக்கியப் படைப்பைப் பொதுவெளியில் வாசிக்க அனுமதிக்கும் உரிமை அதன் ஆசிரியருக்கு உரியது. அதற்காக எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் பதிப்பாளருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் ஒலி, ஒளி உரிமைகள் சேர்ந்திருந்தால், மேடையில் வாசித்ததைப் பதிவாக வெளியிடுவதற்கு அவருடைய ஒப்புதல் வேண்டியிருக்கலாம். ஒப்பந்தத்தை எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வெளியாகாத கதை என்றால் இன்னும் கவனம் தேவை. பல இதழ்களும் போட்டிகளும் முன்பு எங்கும் வெளிவராத கதைகளையே ஏற்கின்றன. தமிழிலேயே எழுதி அனுப்ப முடிகிற காமன்வெல்த் சிறுகதைப் பரிசு, அச்சிலோ இணையத்திலோ வெளிவராத, 2,000 முதல் 5,000 சொற்கள் வரையிலான கதைகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. முழுக் கதையையும் வாசித்து, அதன் காணொளி இணையத்தில் ஏறிவிட்டால், அதை வெளியீடாகக் கருதும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எனவே வெளியாகாத கதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாசிப்பதில்லை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பகுதியையும் பதிவிலிருந்து நீக்கும்படி முன்பே எழுதிக் கேட்கிறேன்.

4. உங்கள் வாசிப்பு வேகத்தை அளந்து பாருங்கள்

“பத்து நிமிடம் வாசியுங்கள்” என்றால் எத்தனை சொற்கள் என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. கடிகாரம் வைத்து, நின்றபடி, ஐந்து நிமிடம் உரக்க வாசித்து, வாசித்த சொற்களை எண்ணுங்கள். 450 வந்தால் உங்கள் வேகம் நிமிடத்துக்கு 90 சொற்கள். அந்த வேகத்தில் 3,000 சொற்கள் கொண்ட கதைக்கு 33 நிமிடங்களுக்கு மேல் ஆகும்.

இப்போது அமர்வின் கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேர அமர்வில் மூன்று எழுத்தாளர்கள். அறிமுகத்துக்கு 6 நிமிடம், பார்வையாளர் கேள்விகளுக்கு 15 நிமிடம் போனால் மிச்சம் 39. ஆளுக்கு 13 நிமிடம். அதில் நெறியாளரோடு பேசும் நேரமும் அடக்கம் என்பதால், வாசிக்கக் கிடைப்பது ஐந்து நிமிடம்தான். இந்தக் கணக்கைப் போடாமல் 12 பக்கங்களை எடுத்துக்கொண்டு வருபவர், பாதியில் நிறுத்தச் சொல்லும் சீட்டு வந்ததும் வேகத்தைக் கூட்டுகிறார். அதன் பிறகு அரங்கில் யாருக்கும் கதை போய்ச் சேர்வதில்லை.

கிடைத்த சொற்கணக்கில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேடையில் மூச்சுக்கும் சிரிப்புக்கும் பக்கம் புரட்டுவதற்கும் அந்த நேரம் வேண்டும்.

5. மேடைப் பிரதியைத் தனியாகத் தயார் செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். அச்சில் வந்த பக்கத்தை அப்படியே எடுத்துச் சென்று வாசிப்பது மிகப் பரவலான தவறு. வாசகரின் கண் பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடியும். கேட்பவரின் காது போக முடியாது.

முதலில் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள். கதையின் தொடக்கத்திலிருந்துதான் வாசிக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு அல்லது மூன்று பேர் மட்டும் இருக்கும், ஏதோ ஒன்று நடக்கும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். திருப்பத்துக்கு ஒரு பத்தி முன்னால் நிறுத்துங்கள். நூலைத் தேடிப் படிக்க அதுவே காரணமாக அமையும். முன்கதையை இரண்டு வாக்கியங்களுக்கு மேல் சொல்லாதீர்கள். ஐந்து நிமிட வாசிப்புக்கு நான்கு நிமிட விளக்கம் தருபவர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்கம் முடியும்போதே அரங்கு களைத்துவிடுகிறது.

அடுத்து, வெட்டுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு சொல்லை உருவுவதைவிட, ஒரு துணைப்பாத்திரத்தையோ ஒரு நினைவோட்டத்தையோ முழுதாக எடுத்துவிடுவது நல்லது. அப்படி எடுத்த பாத்திரத்தின் பெயர் பின்னால் எங்கும் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு காதுக்காக மாற்றுங்கள். தமிழ் வாசிப்பில் நான் மீண்டும் மீண்டும் கண்ட இடர்கள் நான்கு.

பேசுபவர் யார் என்பது பின்னால் வருவது முதலாவது. அச்சில் “மழை நிற்கும் வரை யாரும் வெளியே போகக் கூடாது, போனால் திரும்பி வர வேண்டாம்” என்றாள் கமலா என்று இருக்கும். காதால் கேட்பவருக்கு உரையாடல் முடியும் வரை பேசுவது யார் என்று தெரியாது. மேடைப் பிரதியில் “கமலா சொன்னாள்” என்பதை முன்னால் கொண்டுவாருங்கள். அச்சில் தட்டையாகத் தெரியும் இந்த மாற்றம் காதில் உறுத்துவதே இல்லை.

இரண்டாவது, அடுக்கடுக்கான பெயரெச்சங்கள். “மூன்று நாட்களாகக் கதவைத் திறக்காத, யாரிடமும் பேசாத, வந்த கடிதங்களைக்கூடப் பிரிக்காத அண்ணன்” என்ற தொடரில், ‘அண்ணன்’ வரும் வரை கேட்பவர் எல்லாவற்றையும் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். “அண்ணன் மூன்று நாட்களாகக் கதவைத் திறக்கவில்லை. யாரிடமும் பேசவில்லை. வந்த கடிதங்களைக்கூடப் பிரிக்கவில்லை” என்று பிரித்துவிட்டால் அந்தச் சுமை இறங்கிவிடும்.

மூன்றாவது, கண்ணுக்கு வேறாகவும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகவும் இருக்கும் சொற்கள். “பணி முடியும் வரை காத்திருந்தான்” என்று நீங்கள் வாசிக்க, பாதி அரங்குக்குப் ‘பனி’ என்று கேட்டிருக்கும். உங்கள் உச்சரிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், ஒலிபெருக்கி அதைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். ‘வேலை’ என்று மாற்றிவிடுங்கள்.

நான்காவது, அச்சின் மௌனமான அடையாளங்கள். இடைவெளிக்காகப் போட்ட மூன்று நட்சத்திரக் குறிகள், மனத்துக்குள் பேசுவதற்கான ஒற்றை மேற்கோள், சாய்வெழுத்து எதுவும் கேட்காது. “அன்று மாலை”, “என்று நினைத்துக்கொண்டான்” போன்ற சிறு தொடர்களால் அவற்றை ஈடுசெய்யுங்கள்.

பேச்சுவழக்கு உரையாடலைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதும்போது கைக்கு வந்த வட்டார வழக்கு எல்லோருக்கும் நாவுக்கு வந்துவிடாது. நீங்கள் பேசி வளராத வழக்கு என்றால் நடிக்க முயலாமல் இயல்பான குரலிலேயே வாசியுங்கள். தவறான இழுப்பு ஒன்று போதும், அந்த வழக்குக்கு உரியவர்கள் மனம் புண்படுவதற்கு.

கடைசியாக, தாளில் அச்சிடுங்கள். எழுத்து 16 புள்ளி அளவில், வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளியோடு, ஒரு பக்கம் மட்டும், பக்க எண்ணோடு இருக்கட்டும். எந்த வாக்கியமும் அடுத்த பக்கத்துக்குத் தொடரக் கூடாது. தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். கண் கீழே போகப் போகத் தலை குனியும், தலை குனிந்தால் வாய் ஒலிவாங்கியை விட்டு விலகி, பக்கத்தின் கடைசி வரிகள் கேட்காமல் போகும். கைபேசியில் பார்த்து வாசிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். திரை அணைந்துபோகும், அழைப்பு வரும், மேடை வெளிச்சத்தில் எழுத்து மங்கும்.

6. ஒத்திகையும் ஒலிவாங்கியும்

மூன்று முறை போதும். முதல் முறை தனியாக, கடிகாரத்தோடு. இரண்டாம் முறை கதையை அதுவரை படிக்காத ஒருவருக்கு. அவரிடம் “எப்படி இருந்தது” என்று கேட்காதீர்கள். “யார் யார் இருந்தார்கள், என்ன நடந்தது” என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் உங்கள் பிரதியும் தடுமாறுகிறது. அந்த இடத்தைத் திருத்திய பிறகு மூன்றாம் முறை வாசியுங்கள்.

அரங்குக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய் ஒலிவாங்கியைச் சோதியுங்கள். கையில் பிடிக்கும் ஒலிவாங்கி வாயிலிருந்து நான்கு விரற்கடைத் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ‘ப’ போன்ற எழுத்துகளில் உதடு திறக்கும்போது வெளிவரும் காற்று அதில் மோதி வெடிக்காது. ஆடையில் பொருத்தும் வகை என்றால், அதன் அருகே சங்கிலியோ மொடமொடப்பான துணியோ உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் தாளும் மறு கையில் ஒலிவாங்கியும் இருந்தால் பக்கம் புரட்ட முடியாது என்பதால், நிலைத்தாங்கி ஒன்றை முன்பே கேட்டு வாங்குங்கள்.

7. நேர்காணலுக்கு எழுதித் தயாராகுங்கள்

விழா நாட்களில் இதழ்களும் காணொளி அலைவரிசைகளும் நேர்காணல் கேட்பார்கள். பெரும்பாலும் அமர்வு முடிந்து நீங்கள் களைத்திருக்கும் நேரத்தில் கேட்பார்கள். ஆகவே வீட்டிலேயே மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: தொகுப்பைப் பற்றி முடிவைச் சொல்லாத ஒரு வாக்கியம், உறுதியாகத் தெரிந்த ஆண்டுகளும் பெயர்களும், பேசப் போவதில்லை என்று முடிவு செய்த விஷயங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். “இது உங்கள் சொந்த அனுபவமா?” என்ற கேள்வி கட்டாயம் வரும். “ஆமாம்” என்று சொன்னால் உங்கள் குடும்பத்தார் அந்த நிமிடமே கதாபாத்திரங்களாகிவிடுகிறார்கள். கதையில் பெயரும் ஊரும் மாற்றி நீங்கள் கவனமாக மறைத்த ஒருவரை, நேர்காணலில் ஒரே வாக்கியத்தில் காட்டிக்கொடுத்துவிட முடியும். அவருக்கு அது வலி, உங்களுக்கு அவதூறு வழக்கு வரை போகக்கூடிய சிக்கல். “இல்லை” என்று ஒரே சொல்லில் மறுத்தாலோ பேச்சு அங்கேயே நின்றுவிடும். கதை எந்தச் சிறு விஷயத்திலிருந்து முளைத்தது, எந்த இடத்தில் உண்மையை விட்டு விலகியது, ஏன் விலக வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள். கேட்பவருக்கு அதில் செய்தி கிடைக்கும். மற்றவரின் வாழ்க்கையும் அவரிடமே இருக்கும்.

பேசத் தொடங்கும் முன் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எழுத்தில் வருமா காணொளியா, வெளிவரும் முன் பார்க்கக் கிடைக்குமா. 1953இல் தொடங்கிய ‘தி பாரிஸ் ரெவ்யூ’ இதழின் நேர்காணல்களில், எழுத்தாளர் தம் பதில்களைப் பார்த்துத் திருத்தித் தருவது வழக்கம். நாளிதழ்களில் பொதுவாக அப்படி இல்லை. முன்கூட்டியே காட்டமாட்டார்கள் என்று தெரிந்தால் குறுகிய வாக்கியங்களில் பேசுங்கள். நீண்ட வாக்கியத்தின் நடுவிலிருந்து ஒரு துண்டைத் தலைப்பாக எடுப்பது எளிது. “இதை எழுத வேண்டாம்” என்பதைச் சொல்வதற்கு முன் கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகே பேச வேண்டும். பேசிவிட்டுக் கேட்டால், அதை ஏற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

எழுதிக்கொண்டிருக்கும் கதையைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லாதீர்கள். எழுதும் முன்பே அழகாகச் சொல்லிவிட்ட இரண்டு கதைகளை என்னால் இன்றுவரை எழுத முடியவில்லை. சொல்லி முடித்தபோதே அவற்றை எழுத வேண்டிய தேவை என்னிடமிருந்து போய்விட்டது.

8. குழு அமர்வு

உடன் அமர்பவர்கள் ஒவ்வொருவரின் ஒரு கதையையாவது முன்னதாகப் படியுங்கள். நெறியாளர் எல்லோரையும் நோக்கி ஒரு கேள்வியை வீசும்போது, “உங்கள் கதையில் அந்தக் கிணறு வரும் இடத்தில்...” என்று அடுத்தவரின் படைப்பிலிருந்து தொடங்கினால் உண்மையான உரையாடல் அமைகிறது. படிக்காதவர்கள் அவரவர் நூலைப் பற்றியே தனித்தனியாகப் பேசிக் கலைவார்கள்.

நெறியாளரிடம் முதல் கேள்வியை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாக் கேள்விகளையும் வாங்கி விடை எழுதி வருபவர்கள் மேடையில் ஒப்பிப்பது போலத் தெரிகிறது.

9. கேள்வி நேரமும் கையொப்பமும்

பார்வையாளரின் கேள்வியை ஒருமுறை சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் தாருங்கள். பின்வரிசைக்கும் பதிவுக்கும் அது கேட்கும். உங்களுக்கும் யோசிக்கச் சிறிது நேரம் கிடைக்கும். கையொப்பமிடும்போது பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவரின் பெயரில் ‘ன’வா ‘ண’வா என்பதை ஊகித்து எழுதி, அவர் ஆசையோடு வாங்கிய நூலைக் கெடுத்துவிடக் கூடாது.

10. திரும்பிய பின் முதல் மூன்று நாட்கள்

முதல் நாள் கணக்கை முடியுங்கள்: செலவுச் சீட்டுகளை அனுப்புவது, நன்றிக் கடிதம் எழுதுவது, வாசித்த பகுதியையும் இடத்தையும் தேதியையும் கதைப் பட்டியலில் குறிப்பது. இதைத் தள்ளிப்போட்டால், எழுத உட்காரும் ஒவ்வொரு நாளும் அது மனத்தின் ஓரத்தில் உறுத்திக்கொண்டிருக்கும்.

இரண்டாம் நாள் மேடைப் பிரதியை மேசையில் விரித்து, அரங்கு அசைந்த இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். எங்கே இருமினார்கள், எங்கே சிரித்தார்கள், எங்கே ஓசை முற்றிலும் அடங்கியது என்பவை ஒரு வாரத்துக்கு மேல் நினைவில் நிற்பதில்லை. கதை வெளியாகாதது என்றால், இருமல் எழுந்த பத்திகளை அச்சுப் பிரதியிலும் மறுபடி பாருங்கள். காதுக்காகச் செய்த மாற்றங்களை மட்டும் அச்சுப் பிரதிக்குள் கொண்டுபோகாதீர்கள். பிரித்த வாக்கியங்களும் முன்னால் நகர்த்திய ‘கமலா சொன்னாள்’களும் மேடைப் பிரதியிலேயே இருக்கட்டும்.

மூன்றாம் நாள், விட்டுச் சென்ற வரைவை முதல் வரியிலிருந்து உரக்க வாசியுங்கள். எதையும் திருத்தாமல் கடைசி வரி வரை போய், அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.